மூன்றில் ஒரு பங்கு

முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் தூத்துக்குடிக் கரையில் தினமும் ஒரு பிரிவினை நடக்கும். படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கொட்டி மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளியாட்களுக்கு. எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டி முகாமிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கணக்குதான். அங்கே குவியல் பிரிப்பவர் குளியாள். எந்தக் குவியல் யாருக்கு என்று கைகாட்டுபவர் அதிகாரி. பிரிக்கிறவர் ஒரு குவியலைப் பெரிதாக்கினால் அது தனக்கு வரும் என்று நிச்சயமில்லை. கைகாட்டுகிறவருக்கோ பிரிப்பதில் வேலையில்லை. இதைவிட நேர்மையான ஊதிய ஒப்பந்தத்தை இந்தக் கரையின் வரலாற்றில் நான் படித்ததில்லை.

பங்கு பிரியும்போது சிப்பிகள் திறக்கப்பட்டிருக்காது. உள்ளே முத்து இருக்கிறதா, எவ்வளவு தேறும் என்பது சர்க்காருக்கும் தெரியாது, குளியாளுக்கும் தெரியாது. அதிர்ஷ்டமும் நஷ்டமும் அதே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரிந்தன. சர்க்கார் தன் குவியலை ஏலம் விட்டது. குளியாள் தன்னுடையதை முகாமின் சந்தையிலேயே சில்லறையாக விற்றார்.

சர்க்கார் இந்த மூன்றிலொன்றைப் பெருந்தன்மையால் கொடுக்கவில்லை. ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடக்கும் சிப்பியை மேலே கொண்டுவர அன்று வேறு வழி கிடையாது. காலில் கல், கழுத்தில் வலைப்பை, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய மூச்சு. மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று கடற்கரை ஊர்களில் சொல்வார்கள். தங்கச்சியின் தாலிக்கு அவர்தான் பொறுப்பு, அதனால் கயிற்றை அசட்டையாகப் பிடிக்கமாட்டார். கடலுக்குச் சொந்தக்காரர் சர்க்கார். மூச்சுக்குச் சொந்தக்காரர் குளியாள். இரண்டு சொந்தமும் கரையில் சந்தித்துப் பேசி முடித்த விலை அந்த மூன்றிலொரு பங்கு.

இதற்கு இன்னொரு சாட்சி கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிறவர். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் இவரைக் குறிப்பிடுகிறார். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்த மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லை. ஆனாலும் கடல்கட்டி வராமல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதால் அவருக்கும் சர்க்கார் படியளந்தது. சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, சர்க்கார் கட்டுப்பட்டது. ‘இறங்கமாட்டேன்’ என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு வலு இருந்தது.

தூத்துக்குடிப் பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு சிப்பி தேறவில்லை, கடலைத் திறக்கவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியைப் புதைத்து, அதன்மேல் முத்துப் பூச வைக்கும் வித்தை. ஜப்பானில் மிகிமோட்டோ 1893லேயே இதற்கு வழி திறந்திருந்தார். விஞ்ஞானமாக அது பெரிய சாதனை, நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த முத்துக்கு ஆழமும் மூச்சும் தேவைப்படவில்லை. கரையில் மூன்று குவியல் போட வேண்டிய அவசியமும் போயிற்று.

இந்தப் பழைய கணக்கு எனக்கு மறுபடி மறுபடி நினைவுக்கு வரக் காரணம் சில்லாநத்தம். திருச்செந்தூரிலிருந்து ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி வழியாகத் தூத்துக்குடி போகும் பஸ்ஸில் இரண்டு வருடமாக அந்த ஊர்ப் பெயர் அடிபடுகிறது. வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனி அங்கே சிப்காட் தொழிற்பூங்காவில் சுமார் 400 ஏக்கரில் மின்சாரக் கார்த் தொழிற்சாலை கட்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். முதலில் ஆண்டுக்கு 50,000 கார், பிறகு 1,50,000 வரை. பாகங்கள் கப்பலில் வந்து இங்கே இணைக்கப்படுகின்றன. பாடி, பெயின்ட், அசெம்பிளி என்று தானியங்கி வரிசைகள். வேலை 3,000 முதல் 3,500 பேருக்கு என்றார்கள். இதே கம்பெனியின் ஹைபோங் தொழிற்சாலையில் ஏறக்குறைய 1,200 ரோபோக்கள் இயங்குவதாகச் செய்தி வந்திருக்கிறது.

சில்லாநத்தத்தில் தொழிற்சாலை என்ற செய்தி வந்ததிலிருந்து எங்கள் பக்கம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேருக்கு வேலை? கேட்பது நியாயம். உப்பளமும் பனையும் கடலும் படித்த பிள்ளைகளை வைத்துச் சோறு போடவில்லை. திருச்செந்தூரைச் சுற்றிக் கல்லூரிகளில் படித்து முடித்த பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் போய், எட்டுப் பேருக்கு ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டுத் தூரத்தில் ஒரு தொழிற்சாலை என்பது அவர்கள் தாய்மாருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தலையை மட்டும் எண்ணினால் முக்கியமான ஒன்று கணக்கில் வராமல் போகிறது.

ரோபோ என்றதும் நமக்குச் சினிமா ஞாபகம் வந்துவிடுகிறது. தொழிற்சாலையில் இருப்பதற்கு முகம் கிடையாது. தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு கை, ஆறு மூட்டுகள், நுனியில் ஒரு கருவி. முதல் ரோபோ ‘யூனிமேட்’ 1961இல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. அச்சிலிருந்து வரும் சூடான உலோக வார்ப்பைப் பிடித்து எடுப்பது அதன் வேலை, மனிதர்கள் செய்ய அஞ்சிய வேலை. நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த அதே வருடம். கார்த் தொழிற்சாலையில் இன்று இந்தக் கை பெரும்பாலும் பாடி ஷாப்பில் நிற்கிறது. தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே கவ்வி மின்சாரம் பாய்ச்சி ஒட்டுகிற ஸ்பாட் வெல்டிங். ஒரு காருக்கு இப்படி ஆயிரக்கணக்கான பொட்டுகள். பொறி பறக்கும், புகை வரும், கருவியின் கனம் தோளை முறிக்கும். ஆயிரமாவது பொட்டும் முதல் பொட்டு மாதிரியே விழவேண்டும். இந்த வேலையை மனிதத் தோளிலிருந்து இறக்கியது நல்லது. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. குருகிராம், பரிதாபாத் பக்கம் வாகன உதிரிப் பட்டறைகளில் பிரஸ் மிஷினில் விரலை இழந்தவர்களின் கணக்கைச் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் அறிக்கை அறிக்கையாக வெளியிடுகிறது. அதைப் படித்தவர் எவரும் பழைய கைவேலைக்காக ஏங்கமாட்டார்.

சர்வதேச ரோபோ கூட்டமைப்பின் கணக்குப்படி 2023இல் உலகத் தொழிற்சாலைகளில் புதிதாக நிறுவப்பட்ட ரோபோக்கள் ஏறக்குறைய 5,41,000. பாதிக்கு மேல் சீனாவில். இந்தியாவில் 8,510. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆனால் அந்த 8,510 முந்தைய ஆண்டைவிட 59 சதவீதம் அதிகம்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ரோபோ ஆபரேட்டராக இருக்கிறான். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். சூரசம்ஹாரத்துக்கு ஊருக்கு வந்தவனிடம், ரோபோவுக்கு எப்படி வேலை சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டேன். ‘டீச் பெண்டன்ட்’ என்ற கருவியைப் பற்றிச் சொன்னான். டிவி ரிமோட்டைவிடப் பெரிது, கனமானது, ஒயரோடு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்குள் போய், ரோபோவை மெதுவாக நகர்த்தி, இந்த இடத்தில் ஒரு பொட்டு, இந்த வளைவில் இவ்வளவு சரி என்று ஒவ்வொரு புள்ளியாகப் பழக்க வேண்டும்.

‘பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கு அண்ணாச்சி. அத பாதிக்கு அமுக்கிப் புடிச்சாத்தான் ரோபோ அசையும். கைய விட்டாலும் நின்னுரும், பயந்து இறுக்கிப் புடிச்சாலும் நின்னுரும். நடுவாப்புல புடிக்கணும்.’

‘எதுக்குடே அப்படி?’

‘அது நம்ம மேல வந்துட்டுன்னு வைங்க. ஒண்ணு கைய உதறுவோம், இல்லன்னா விறைச்சுப் போயிருவோம். ரெண்டுலயும் நிக்கணும்லா.’

பயந்த மனிதக் கை இரண்டு விதத்தில் நடந்துகொள்ளும் என்று யோசித்து, இரண்டுக்கும் இயந்திரம் நிற்க வேண்டும் என்று விதித்தவர் யாரோ, அவரை மனதுக்குள் கும்பிட்டேன். அந்த அமைப்பில் கை எடுத்தால் எல்லாம் நிற்கும். ஆனால் அது பழக்கும் நேரத்தில் மட்டும். பழக்கி முடித்து, வெளியே வந்து, வேலிக் கதவைச் சாத்தி, சாவியை ‘ஆட்டோ’வுக்குத் திருப்பிவிட்டால் அந்த சுவிட்சுக்கு வேலையில்லை. அதன்பின் ரோபோ யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை. அவசரத்துக்குச் சிவப்புப் பொத்தான் உண்டு, ஆபத்தில்லாமல் அதை அமுக்கினால் விசாரணை உண்டு.

கையை எடுத்ததும் ஆலை நின்ற கதை தூத்துக்குடிக்குச் சொந்தமானது. ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் 1888இல் தொடங்கியது. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவை கோரிக்கைகள். கதிர்கள் நின்றன. கதிர்களோடு ஊரும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரர் பக்கம் பேசியவர்களுக்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்தார்கள். பாதிச் சவரத்தில் எழுந்துபோன நாவிதரின் கதையை வ.உ.சி.யைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி கூடியது, ஞாயிறு விடுமுறையானது. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டு, நெல்லை எரிந்தது வேறு அத்தியாயம். பள்ளிக்கூடப் பாடம் அந்த அத்தியாயத்தில்தான் நின்றுவிடுகிறது. தொழிலாளி வென்ற பத்து நாளை இரண்டு வரியில் கடந்துவிடுவது எனக்கு என்றைக்கும் வருத்தம்.

அந்த ஆயிரம் பேரிடம் சங்கமில்லை, சட்டமில்லை. இருந்தது கடல்கட்டி இல்லாமல் இறங்கமாட்டேன் என்ற குளியாளிடம் இருந்த அதே பொருள். தன் கை இல்லாமல் முதலாளிக்கு நூல் வராது. பிற்காலத்தில் நூல் ஆலைகளில் நிறைந்த கண்டுகளைத் தானே கழற்றி வெற்றுக் கண்டு மாட்டும் ஏற்பாடு வந்தது, அறுந்த நூலைத் தானே முடிச்சுப் போடும் இயந்திரமும் வந்தது. ஒவ்வொன்றும் சில கைகளைக் குறைத்தது. அதைவிட முக்கியமாக, மீதிக் கைகள் விலகினால் ஏற்படும் நஷ்டத்தைக் குறைத்தது. ரோபோ வந்தால் எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று எண்ணுகிறோம். வேலையில் இருப்பவர்களின் ‘மாட்டேன்’ எவ்வளவு மெலிகிறது என்பதற்கு அளவுகோல் நம்மிடம் இல்லை.

இயந்திரம் வந்தாலே கை தோற்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்துக் கோவில்பட்டியின் தீப்பெட்டிக் கதை வேறு மாதிரி. 1923இல் ஸ்வீடன்காரர்களின் விம்கோ பெரிய இயந்திரங்களோடு இந்தியாவுக்கு வந்தது. அதே காலத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். கணக்குப்படி பார்த்தால் விம்கோவின் இயந்திரம் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டியின் கைகளை விழுங்கியிருக்க வேண்டும். நடக்கவில்லை. 1934இல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கையால் செய்யும் சிறு பட்டறைக்குக் குறைந்த வரி, இயந்திரத்துக்குக் கூடிய வரி என்று டெல்லி வைத்திருந்த வித்தியாசம் பல பத்தாண்டுகள் கைகளைக் காத்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017லும் கைத் தீப்பெட்டிக்கு 5, மற்றதற்கு 18 சதவீதம். 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஆக்கினார்கள். இயந்திரத்துக்கும் கைக்கும் நடுவே யார் ஜெயிப்பது என்பதை இயந்திரம் தனியாக முடிவு செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

ஆனால் அப்படிக் காக்கப்பட்ட கைகளில் எத்தனையோ குழந்தைக் கைகள். கரிசல் ஊர்களுக்கு விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். கட்டையில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை. கட்டைக் கணக்குக்குக் காசு. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. குச்சி அடுக்கும் இயந்திரங்கள் பெருகியபோது அந்தப் பிள்ளைகளின் கை விடுபட்டதற்கு நான் நிம்மதிதான் பட்டேன். அரசு ஐம்பது வருடம் கையின் எண்ணிக்கையைக் காத்தது, கையின் பங்கைக் காக்கவில்லை. எண்ணிக்கை காக்கப்பட்டதால் முதலாளிக்கு மலிவாக ஆள் கிடைத்தது. அதனால்தான் சில்லாநத்தத்தில் 3,500 என்ற எண்ணை மட்டும் கேட்டுத் திருப்திப்பட என்னால் முடியவில்லை.

பங்கு என்றால் என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொழிற்சாலைகளைப் பற்றி மத்திய அரசு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. விற்ற பொருளின் மதிப்பில் கச்சாப் பொருள், மின்சாரம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் கழித்தபின் மிஞ்சுவது நிகர மதிப்பு. அதுதான் ஆலையில் உண்மையாக விளைந்தது, கரையில் கொட்டிய சிப்பி. 1980களின் தொடக்கத்தில் அதில் தொழிலாளர் கூலியாகப் போனது ஏறக்குறைய 30 சதவீதம். 2000களின் இறுதியில் 10 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது.

முப்பது என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு மூன்று குவியல்கள் நினைவுக்கு வந்தன. உயிரைப் பணயம் வைத்த குளியாளுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த அளவையொட்டித்தான் சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலையும் ஒரு காலத்தில் கொடுத்திருக்கிறது. பிறகு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் அது பத்தில் ஒன்றாகியது. நிரந்தர ஆளுக்குப் பதில் காண்ட்ராக்ட் ஆள், சங்கத்தின் தேய்வு, இயந்திரத்தில் கொட்டிய முதல் என்று காரணங்கள் பல. ரோபோ எண்ணிக்கை இந்தியாவில் சொல்லும்படியாக இல்லாத காலத்திலேயே நடந்துவிட்டது இது. பழியை ரோபோமேல் போட முடியாது. ஏற்கெனவே பங்கு ஒடுங்கிப்போன வீட்டுக்குள் அது இப்போது வருகிறது.

ரோபோவை வாங்கியவர் கம்பெனி, பணம் போட்டவர் கம்பெனி, அப்புறம் ஆபரேட்டருக்கு என்ன பங்கு என்று கேட்பார்கள். கடலும்தான் சர்க்காருடையது. பார்களைக் காவல் காத்ததும், சிப்பி முதிர்ந்ததா என்று சோதித்ததும், முகாம் போட்டதும் சர்க்கார்தான். அதற்கு மூன்றில் இரண்டு எடுத்துக்கொண்டது. மூன்றையும் எடுக்கவில்லை. தம்பி வேலிக்குள் போய் ஒரு வாரம் பழக்கிய பாதை ரோபோவின் நினைவில் பதிந்துவிட்டது. வளைவில் தகடு நெளியும் இடத்தில் ஒரு நொடி தாமதித்து அமுக்க வேண்டும் என்று அவன் கண்டுபிடித்தது அந்தப் பாதைக்குள் இருக்கிறது. அவன் வேலையை விட்டுப் போனாலும் அந்த ஒரு நொடி ஒவ்வொரு தகட்டிலும் திரும்பத் திரும்ப நடக்கும். குளியாளின் மூச்சு தினமும் புதிதாக வேண்டியிருந்தது, அதனால் தினமும் பங்கு பிரிந்தது. இவனுடைய திறமையை ஒருமுறை வாங்கினால் போதும். ஒருமுறை வாங்கியதற்கு மாதச் சம்பளம் சரியான விலையா என்று இந்த நாட்டுத் தொழிற்சட்டம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நிலமும் மானியமும் மக்கள் பணத்தில் கொடுக்கும் அரசு, முதலீடு எவ்வளவு, வேலை எத்தனை என்பதோடு, விளைந்ததில் கூலியின் பங்கு எவ்வளவு என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் அது ஒன்றும் அதிசயமாகாது. 1908இல் வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்ன மாநிலத்தில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. ‘மாட்டேன்’ என்ற சொல் இன்னும் செத்துவிடவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அவனுக்கு இன்சென்டிவ் உண்டாம். லைன் நிற்காமல் ஓடிய மாதத்துக்குச் சம்பளத்தோடு கூடுதலாக ஒரு தொகை.

‘நிக்காம ஓடுனாத்தான் காசு அண்ணாச்சி. நின்னா கட்.’

மூன்று குவியல் கதை அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் தாத்தா வீரபாண்டியன்பட்டினத்தில் சங்கு குளித்தவர்.

‘கேக்கலாம்தான். யார்ட்ட கேக்கது?’ என்றான்.

சம்பளச் சீட்டைப் போனில் எடுத்துக் காட்டினான். அதில் இருப்பது காண்ட்ராக்டர் பெயர். அவன் நிற்கும் ஷெட் ஒரு கம்பெனியுடையது, அங்கிருந்து பாகங்கள் போவது இன்னொரு கார் கம்பெனிக்கு. ரோபோ குத்தகைக்கு எடுத்தது, அதன் சொந்தக்காரர் வேறு. சீட்டில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கேன்டீன் பிடித்தம் என்று வரிசையாக இருந்தது. ‘லைன் இன்சென்டிவ்’ என்ற இடத்தில் அந்த மாதம் பூஜ்யம். ஏன் என்று கேட்டேன். செம்பு முனை தேய்ந்து பொட்டு சரியாக விழவில்லை, தப்பான பாகம் போய்விடக் கூடாதே என்று இவன்தான் லைனை நிறுத்தியிருக்கிறான்.